கூண்டுக் குஞ்சின் தோலில் ஒரு கட்டி: காத்திருப்பதா, கீறுவதா, மருத்துவரிடம் கொண்டுபோவதா?

சனிக்கிழமை காலை கூண்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, சாமையின் இறக்கையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது." சாமை எங்கள் வீட்டு பட்ஜிக் குஞ்சு. தினையை ஒதுக்கிவிட்டுச் சாமையாகத் தேடித் தின்றதால் வந்த பெயர். நம் ஊரில் எல்லோரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் அந்தச் சின்ன ஆஸ்திரேலியக் கிளிதான். நெற்றிக் கோடுகள் இன்னும் மூக்குச் சதைவரை இறங்கியிருந்தன. அப்படியென்றால் முதல் இறகு உதிர்ப்பு வரவில்லை, வயது மூன்று மாதத்துக்குள்தான். ஒட்டியிருந்தது தீனி இல்லை. வலது இறக்கையின் ஓரத்தில், தோலுக்கு அடியில், மிளகைவிடச் சற்றுச் சிறியதாக, மஞ்சள் பூத்த ஒரு புடைப்பு.

மாலைக்குள் எல்லோரும் யோசனை சொல்லிவிட்டார்கள். "மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடு, இரண்டு நாளில் உடைந்துவிடும்" என்றார் அம்மா. பறவை வாங்கிய கடைக்காரர் தொலைபேசியில், "சார், அது ஒன்றுமில்லை, சுத்தமான ஊசியால் ஒரு குத்து, பிதுக்கிவிடுங்கள்" என்றார். மனைவி அன்றைக்கே மருத்துவரிடம் போகலாம் என்றாள். என் மனமோ நான்கு நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னது.

ஊசி என்ற சொல் என்னைச் சுட்டது. ஏழு வருடத்துக்கு முன்னால் வேறொரு கடைக்காரர் சொன்ன அதே யோசனையைக் கேட்டு, வேறொரு பட்ஜியின் கட்டியை நானே குத்தியிருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். இந்த முறை குத்துவதற்கு முன் உட்கார்ந்து யோசித்தேன். ஒவ்வொரு வழியிலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று எடைபோட்டேன். அப்படி எடைபோட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது கட்டிதானா?

பல பேருடைய கவலை இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும். கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில் புடைத்திருந்தால் அது தீனிப்பையாக இருக்கலாம். கையால் ஊட்டி வளர்க்கும் குஞ்சுக்குத் தீனி கொடுத்தவுடன் அந்தப் பை குட்டி பலூன்போலத் தொங்கும். இறகு முளைக்காத குஞ்சாக இருந்தால் தோல் வழியாக உள்ளே இருக்கும் தீனியே தெரியும். சில மணி நேரத்தில் அது வற்ற வேண்டும். இரவு கழிந்து காலையில் பார்க்கும்போது தட்டையாகிவிட்டிருக்க வேண்டும். காலையிலும் பிசைந்த மாவுபோலக் கனத்துக் கிடந்தால் தீனி உள்ளே தேங்கிப் புளிக்கிறது என்று பொருள். அதற்குக் காத்திருப்பு என்ற வழியே கிடையாது, அன்றைக்கே மருத்துவர்தான்.

வாலின் அடியில், முதுகுப்பக்கமாக இருக்கும் சிறு மேடும் அப்படித்தான் ஏமாற்றும். அது எண்ணெய்ச் சுரப்பி. பறவை அலகை அங்கே தேய்த்துத் தேய்த்துத்தான் இறகுகளுக்கு எண்ணெய் பூசிக்கொள்கிறது. உச்சியில் திரிபோல ஒரு சின்ன இறகுக் குஞ்சமும் இருக்கும். நண்பர் ஒருவர் தம் காக்கடீலின் (கொண்டை வைத்த இன்னொரு கூண்டுக் கிளி) வால் அடியில் கட்டி என்று பதறிப்போய்ப் படம் அனுப்பினார். அதற்குள் இரண்டு நாள் களிம்பு தடவி முடித்திருந்தார். பறவைக்கு நோய் எதுவும் இல்லை, களிம்பால் வந்த பிசுக்கு மட்டும்தான். அந்தச் சுரப்பி ஒரு பக்கம் மட்டும் பெருத்தாலோ, சிவந்தாலோ, புண்ணானாலோ அது வேறு விஷயம்.

மூன்றாவது, தோலுக்கு அடியில் புகுந்த காற்று. பறக்கப் பழகும் குஞ்சு சுவரிலோ மின்விசிறியிலோ மோதினால் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பைகளில் ஒன்று கிழிந்து, தோல் உப்பிக்கொண்டு வரும். விரலால் மெல்லத் தொட்டால் நொறுநொறுவென்று இருக்கும். இருட்டில் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் காகித விளக்குபோல ஒளிரும். சதைக்கட்டி அப்படி ஒளிராது. அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டினாலும் புடைக்கும். ஒரு வேடிக்கை, பறவைகளுக்குக் கன்றிப்போன இடம் இரண்டு மூன்று நாளில் பச்சையாகிவிடும். நம் உடம்பில் அந்தப் பச்சை நிறமியை மஞ்சளாக மாற்றும் நொதி அவற்றுக்கு இல்லை. அழுகிவிட்டது என்று பயந்து அதன்மேல் மருந்தைக் கொட்ட வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால்தான் கட்டி. அங்கே வயது பெரிய சாட்சி. இணையத்தில் 'பட்ஜி, கட்டி' என்று தேடினால் முதலில் வருவது கொழுப்புக்கட்டிதான். ஆனால் அது பெரும்பாலும் வயதான, வெறும் தினையே தின்று கொழுத்த பறவையின் நெஞ்செலும்புமேல் வருவது. மூன்று மாதக் குஞ்சுக்கு அது முதல் சந்தேகம் ஆகாது. குஞ்சின் இறக்கையில் மஞ்சளாக, கெட்டியாக ஒரு உருண்டை இருந்தால் இறகுக்கட்டியாக இருக்கலாம். முளைக்க வேண்டிய இறகு வெளியே வர வழியின்றித் தோலுக்கு அடியிலேயே சுருண்டு வளர்ந்துவிடும். மனிதர்களுக்கு முடி உள்நோக்கி வளர்வதுபோல. கண்ணைச் சுற்றியும் அலகோரத்திலும் காலிலும், அதாவது இறகு இல்லாத இடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட பருக்கள் கிளம்பிப் பொருக்குத் தட்டினால் அம்மையை நினைக்க வேண்டும். கொசு பரப்பும் நோய் அது, மழைக்காலம் முடியும்போது கோழி வளர்ப்பவர்கள் நன்றாகவே பார்த்திருப்பார்கள். சூடாக, சிவந்து, தொட்டால் பறவை துடித்தால் சீழ்க்கட்டி. இவற்றுக்கு அப்பால் புற்று வகைகளும் உண்டு. பிற கிளியினங்களைவிட பட்ஜிகளுக்கு அவை அதிகம் என்பதால், இளம் பறவைதானே என்று அந்தக் கதவை முழுதாகச் சாத்திவிடவும் முடியாது.

கண்ணால் பார்த்து இவ்வளவுதான் சொல்ல முடியும். மஞ்சள் உருண்டையாகத் தெரிவது இறகுக்கட்டியும் ஆகலாம், சீழும் ஆகலாம், தோலில் கொழுப்பு படிந்து தடிப்பதும் ஆகலாம். மெல்லிய ஊசியால் துளி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒழிய, அனுபவசாலிகளும் ஊகத்தோடு நிற்கிறார்கள்.

கைவைத்தியம் என்ற மலிவான வழி

மலிவு என்பதுதான் இதன் ஒரே பெருமை. சந்தையில் ஜோடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பறவைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதா என்று கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பணம் உண்மையான காரணம்தான். ஆனால் இந்த வழி எதனால் தோற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

மனிதனுடைய கட்டி பழுத்து உடைவது உள்ளே சீழ் நீராக இளகுவதால்தான். பறவையின் வெள்ளணுக்களில் சீழை அப்படி இளக்கும் நொதி இல்லை. அதனால் பறவையின் சீழ் பாலாடைக்கட்டிபோல உறைந்து கிடக்கும். நீங்கள் குத்தினாலும் அது ஒழுகாது, பிதுக்கினாலும் வராது, அழுத்த அழுத்தப் பக்கத்துச் சதைதான் நசுங்கும். இறகுக்கட்டியும் அப்படியே. உள்ளே இருப்பது நீர் இல்லை, சுருண்ட இறகும் அதன்மேல் படிந்த கெட்டிச் செதிலும். கட்டியின் மேல்தோலைக் கீறி அதை எடுத்தாலும் இறகு முளைக்கும் வேர் உள்ளேயே இருப்பதால் கட்டி திரும்ப வரும்.

இரத்தக் கணக்கு அதைவிட முக்கியம். பறவையின் உடலில் இருக்கும் இரத்தம் உடல் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. 30 கிராம் பட்ஜிக்கு 3 மில்லி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.3 மில்லி போனால் தாங்கும். ஆறு சொட்டு. ஏழு வருடத்துக்கு முன் நான் குத்திய கட்டியிலிருந்து முதலில் ஒரு முத்து இரத்தம் வந்தது. பஞ்சை வைத்து அழுத்தினேன். பஞ்சு நனைந்தது. மஞ்சள்தூள் வைத்தேன். பறவை என் உள்ளங்கையில் கண்ணை மூடித் திறந்தது. அரை மணி நேரத்தில் அது இல்லை. நான் எத்தனை சொட்டு என்று எண்ணவில்லை, எண்ண வேண்டும் என்றும் அன்று எனக்குத் தெரியாது.

மஞ்சள் சுண்ணாம்புப் பற்று நம் வீடுகளில் நகச்சுற்றுக்கும் கட்டிக்கும் தலைமுறை தலைமுறையாகப் போடுவது. அம்மாவின் நம்பிக்கையில் பிழை இல்லை. ஆனால் பறவை தன் உடம்பில் ஒட்டிய எதையும் அலகால் கொத்தி எடுத்து விழுங்கிவிடும். சுண்ணாம்பின் காரம் தோலை மட்டுமல்ல, நாக்கையும் பொசுக்கும். வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் தடவினால் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் காற்று நிற்காமல், பறவை சூட்டை இழக்கும். நம் உடம்பைவிடச் சூடானது பறவை, 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைக் காப்பாற்றவே அது பாதித் தீனியைச் செலவழிக்கிறதோ என்று தோன்றும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டால் தரும் தோல் களிம்புகள் இன்னும் மோசம். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். நம் கையில் அரிப்பைத் தணிக்கும் அந்த மருந்து, பறவையின் நோய் எதிர்ப்பையே படுக்கவைத்துவிடும்.

தண்ணீரில் கலக்கும் பொடி? கடையில் கேட்டால் எந்த நோய்க்கும் அதே பொடியைத்தான் தருவார்கள். பட்ஜி வறண்ட நிலத்துப் பறவை, நாளுக்குச் சில மில்லி தண்ணீர்தான் குடிக்கும், கசந்தால் அதையும் குடிக்காது. எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. தோலுக்கு அடியில் உறைந்து கிடக்கும் கட்டிக்குள் அது போய்ச் சேர வழியும் இல்லை.

கைவைத்தியத்தில் நான் ஏற்றுக்கொள்வது இரண்டே இரண்டு: தனிக் கூண்டு, வெதுவெதுப்பு. கூண்டின் ஒரு பக்கத்தில் 40 வாட் பல்பு, மறுபக்கம் சூடில்லாமல். வேண்டிய இடத்தில் பறவையே உட்கார்ந்துகொள்ளும். அம்மையாக இருந்தால் மற்றப் பறவைகளுக்குப் பரவாமல் தனிக் கூண்டும் கொசுவலையும் உதவும். இவை எந்த மருத்துவரின் கையையும் கட்டிப்போடாதவை. களிம்பு தடவிய கட்டியைக் கொண்டுபோனால் மருத்துவர் முதலில் உங்கள் களிம்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

காத்திருப்பதும் ஒரு வழிதான், தராசு இருந்தால்

பலர் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லும்போது உண்மையில் செய்வது மறந்துவிடுவது. காட்டில் பலவீனமாகத் தெரிந்த பறவையைப் பருந்து முதலில் எடுத்துக்கொள்ளும். அந்தப் பயத்தைக் கூண்டுப் பறவையும் விடவில்லை. நீங்கள் பக்கத்தில் போனால் நிமிர்ந்து உட்கார்ந்து, தீனியைக் கொத்துவதுபோலப் பாவனை செய்யும். தினைத் தோலை உரித்துப் போடும், பருப்பை விழுங்கியிருக்காது. ஆகவே 'சுறுசுறுப்பாகத்தானே இருக்கிறது' என்ற சாட்சியை நான் நம்புவதில்லை.

தராசை நம்பலாம். ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். மேலே ஒரு சிறு குச்சியையோ கிண்ணத்தையோ வைத்து, காலையில் முதல் எச்சம் போட்டபின், தீனிக்கு முன், எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 30 கிராம் பறவை 27 கிராமுக்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 60 கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்தால் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள், மூன்று கிராமை யாரும் கேட்க மாட்டார்கள். கட்டியின் அளவுக்கு வீட்டுப் பொருள்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்: தினை, கடுகு, மிளகு, கொண்டைக்கடலை. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துத் தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம்.

பார்க்கும்போது பறவையைப் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். மெல்லிய துணியால் மூடி, தலையை இரு விரல்களுக்கு இடையில் தளர்வாக வைத்து, நெஞ்சைத் தொடாமல் பிடியுங்கள். பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயந்துபோய் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கட்டியைப் பார்ப்பதற்குள் பறவை போய்விடும். இறகை விலக்க வாயால் ஊதினாலே போதும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சு வேண்டாம், அது குளிரவைக்கும்.

காத்திருக்க ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். எடை நிற்கிறது, தீனி போகிறது, கட்டி சிறியது, புண் இல்லை என்றால் ஒரு வாரம் என்பது என் கணக்கு. அதற்குள் வளர்ந்தாலோ நிறம் மாறினாலோ அந்தக் கெடு அன்றைக்கே முடிகிறது. ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. பூனை தொட்டிருந்தால் காயம் கடுகளவாக இருந்தாலும் உடனே போக வேண்டும். பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி இரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் பறவையை முடித்துவிடும். மூச்சு விடும்போது வால் துருத்திபோல மேலும் கீழும் ஆடினால், இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தால், முட்டையிடும் வயதுப் பெண் பறவைக்கு அடிவயிறு வீங்கினால், கட்டியை அலகால் கொத்தி இரத்தம் வரவழைத்தால், அப்போதும் காத்திருப்பு முடிந்தது.

காத்திருப்பதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு, நான் தாமதமாகப் புரிந்துகொண்டது. மயக்கம் கொடுத்து வெட்ட வேண்டிய கட்டி என்றால், அதைத் தாங்கும் வலுவும் பறவையிடம்தான் இருக்க வேண்டும். நன்றாகத் தின்று விளையாடும் நாளில் பறவைக்கு வலு இருக்கிறது, நமக்கு அவசரம் தெரிவதில்லை. தரையில் உட்கார்ந்த நாளில் நமக்கு அவசரம் தெரிகிறது, பறவையிடம் வலு இல்லை. 30 கிராம் உடம்பின் கையிருப்பு சொற்பம். பொறுத்துப் பார்க்கும் நாட்களிலும் கட்டி அந்தக் கையிருப்பில்தான் கைவைக்கிறது.

யாரிடம் காட்டுவது?

பறவை விற்பவரிடமும் வளர்ப்பவரிடமும் நிறைய அனுபவம் இருக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ பிராட்வேயிலோ இருபது வருடம் பறவை விற்றவருக்கு ஆண், பெண், வயது, இறகு உதிர்ப்பு எல்லாம் ஒரு பார்வையில் தெரியும். அதற்கு நானும் அவர்களிடம் போகிறேன். ஆனால் நூறு பறவை வைத்திருப்பவரின் கணக்கு வேறு. ஒன்று போனால் இன்னொன்று என்பது அவருக்கு வியாபாரம். ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இந்த முறை ஊசி சொன்ன கடைக்காரரும் கெட்டவர் இல்லை. அவர் குத்திப் பிழைத்த பறவைகளை நினைவில் வைத்திருக்கிறார், அவ்வளவே.

பக்கத்துத் தெரு நாய், பூனை மருத்துவமனையும் அரசு கால்நடை மருந்தகமும் அருகில் இருப்பவை. அருகில் என்பது சாதாரண நன்மை இல்லை. பயணமே ஒரு நோய் பறவைக்கு. அங்கே இருக்கும் மருத்துவருக்குக் கோழி அம்மையும் சீழும் புதிதல்ல. பிரச்சினை அளவில்தான் வருகிறது. ஆட்டுக்கும் நாய்க்கும் மருந்தளவு போட்டுப் பழகிய கைக்கு 30 கிராம் என்பது வேறு உலகம். ஆகவே நேரில் போகும் முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டேன்: சின்னப் பறவைகளைப் பார்ப்பீர்களா? கிராம் காட்டும் தராசு இருக்கிறதா? வாயுவாக மயக்கம் கொடுக்கும் வசதி இருக்கிறதா? முதல் இடத்தில் எடுத்தவர், "பறவையா? கொண்டுவாருங்கள், ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்றார். எந்த ஊசி, எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டாம் இடத்து மருத்துவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: "நான் பார்த்து, எடை போட்டு, அவசரமா இல்லையா என்று சொல்ல முடியும். வெட்ட வேண்டியிருந்தால் நான் செய்ய மாட்டேன், வேப்பேரிக்கு எழுதித் தருகிறேன்." தன் எல்லையைச் சொல்லும் மருத்துவர் பக்கத்தில் இருப்பது அதிர்ஷ்டம்.

வேப்பேரி என்று அவர் சொன்னது சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903இல் தொடங்கியது, இன்று 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களிலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் உண்டு. கல்லூரி மருத்துவமனையின் பலம், நோய் பார்ப்பவர், அறுவை செய்பவர், கண்ணாடியில் தேய்த்ததைப் பார்ப்பவர் எல்லோரும் ஒரே வளாகத்தில் இருப்பது. குறை, வரிசை. கன்றுக்குட்டிக்கும் ராட்வைலருக்கும் நடுவில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாயின் குரைப்பும் நெடியும் குஞ்சுக்குப் பேரிடி. காலை முதல் ஆளாகப் போனால் பாதிக் கவலை குறையும்.

பறவைகளை மட்டும் பார்க்கும் தனியார் மருத்துவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். கட்டணம் கூடுதல், கைப்பழக்கமும் கூடுதல். மதுரைக்குத் தெற்கே சிற்றூரில் இருப்பவருக்கு இது எட்டாத வழியாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் படமும் காணொளியும் அனுப்பிக் கேட்கும் ஆலோசனை பயன்படும். அதில் எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்ளலாம், என்ன கட்டி என்று தெரியாது.

இடையில் ஒன்று. உங்கள் கூண்டில் இருப்பது பட்ஜியோ காக்கடீலோ இல்லாமல் நம் ஊர்ப் பச்சைக்கிளியாக இருந்தால், அதை வளர்ப்பதே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பயத்தில் பலர் மருத்துவரிடம் போகாமல் கட்டியைப் பழுக்கவிடுகிறார்கள். அந்தக் கிளிக்கு நல்லது வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான். மறைத்து வைத்து மஞ்சள் பூசுவதால் சட்டமும் விலகாது, கட்டியும் விலகாது.

எங்கு கொண்டுபோனாலும் கூண்டோடு போக வேண்டாம். காற்றுத் துளையிட்ட சிறு அட்டைப்பெட்டி, அடியில் துணி, மேலே இன்னொரு துணி. இருட்டில் பறவை அடங்கும். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதில் வெள்ளரித் துண்டு. பைக்கில் முன்னால் வைத்துக் காற்று வாங்க வைக்காதீர்கள். முந்தைய நாள் எச்சம் விழுந்த காகிதத்தையும் எடைக் குறிப்பையும் எடுத்துப்போங்கள், மருத்துவர்கள் அந்தக் காகிதத்தைக் கட்டிக்கு முன்னாலேயே கேட்கிறார்கள்.

வெட்டுவதா, விடுவதா

முதல் ஆறு நாளும் எடை 29 கிராமிலேயே நின்றது. கட்டி மட்டும் மிளகைத் தாண்டியது. ஏழாம் நாள் காலை தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் இறங்கி வேப்பேரி போனோம். மருத்துவர் பெண், என் மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். சாமையைப் பார்த்ததும் முதலில் கட்டியைத் தொடவில்லை. நெஞ்செலும்பின் இருபுறமும் விரலை ஓட்டிச் சதை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் இறக்கையை விரித்தார். மெல்லிய ஊசியில் எடுத்ததில் சீழ் இல்லை, கெட்டிச் செதில். இறகுக்கட்டி.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, இப்படியே விட்டுவிடுவது. சின்னதாக இருக்கும்வரை தொல்லை இல்லை. வளர்ந்தால் இறக்கை கனக்கும், பறவை கொத்தத் தொடங்கும், கொத்தினால் இரத்தம். இரண்டாவது, ஐசோஃப்ளுரேன் வாயு மயக்கத்தில் இறகு வேரோடு எடுத்துவிடுவது. திரும்ப வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் அந்த இடத்தில் இனி இறகு முளைக்காது, பக்கத்து வேருக்கும் சேதம் வரலாம், இவ்வளவு சின்ன உடம்புக்கு மயக்கம் என்றைக்கும் ஆபத்து இல்லாததல்ல. கட்டியின் மேல்தோலை மட்டும் கீறிச் சுத்தம் செய்யும் நடுவழியும் இருக்கிறது. மயக்க நேரம் குறையும், கட்டி மட்டும் சில மாதத்தில் திரும்ப வந்து நிற்கும். "எனக்கு அது பிடிக்காது, ஒரு முறைக்கு மூன்று முறை மயக்கம் கொடுப்பதாக முடியும்" என்றார்.

கொழுப்புக்கட்டியாக இருந்தால் நான் விட்டிருப்பேன். தீனியை மாற்றி, பறக்க இடம் கொடுத்தால் சில சுருங்குகின்றன. அம்மையாக இருந்தால் வெட்டுவதற்கே இடமில்லை, பொருக்கு தானே உதிரும்வரை பேண வேண்டியதுதான். சீழ்க்கட்டியாக இருந்தால் கேள்வியே இல்லை, திறந்து எடுத்தே ஆக வேண்டும். இறகுக்கட்டிதான் உண்மையிலேயே யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பறக்காமல் கூண்டிலேயே கிடக்கும், கட்டியைத் தொடாத, வயதான பறவை என்றால் விடுவது சரி. சாமைக்கு முன்னால் இன்னும் ஐந்து, ஏழு வருடம் இருக்கிறது. கட்டி ஒரு வாரத்தில் வளர்ந்திருக்கிறது. இன்றைக்கு நெஞ்சில் சதையும் இருக்கிறது. வெட்டுவது என்று முடிவு செய்தேன்.

மருத்துவர் ஒரு மாற்றம் சொன்னார். இன்னும் பத்து நாள், எடை குறையாமல் இருந்தால் கொண்டுவாருங்கள், ஒரு கிராம் கூடினால் எனக்கு இன்னும் நிம்மதி. ஊறவைத்த பச்சைப்பயறு, வேகவைத்த முட்டை, முருங்கைக்கீரை என்று மகள் போட்டிபோட்டு ஊட்டினாள். கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைக் கூண்டுக் கம்பியில் கட்டி வைத்தோம். பத்தாம் நாள் 31.

அறுவை முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்த மருத்துவர் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டை நீட்டினார். பாலாடைபோன்ற மஞ்சள் உருண்டைக்குள், கடிகாரச் சுருள்வில்லைப்போலச் சுருண்டு, வெளிச்சத்தைப் பார்க்காத ஒரு இறகு. அதன் நுனியில் பச்சை நிறம்கூட வந்திருந்தது.

சாமையின் வலது இறக்கையில் இப்போது ஒரு இடைவெளி. நேராகப் பறக்கும், திரும்பும்போது மட்டும் கொஞ்சம் சரிந்து, கம்பைத் தவறவிட்டு, ஒரு கம்பு கீழே உட்காரும். மகள் அதற்காகவே கீழே இன்னொரு கம்பு கட்டியிருக்கிறாள். ஏழு வருடத்துக்கு முன் போன பறவைக்கு இருந்தது என்ன கட்டி என்று இந்த மருத்துவரிடம் கேட்க நினைத்தேன். விவரம் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அதற்கு என்னிடம் ஒரு படமோ, எடைக் குறிப்போ, எதுவுமே இல்லை என்று உறைத்தது.